அப்புத்தளையில் ஒரு நர்ஸம்மா

அப்புத்தளை
22.1.1979

மதிப்புக்குரிய மனோரஞ்சிதம் அவர்களுக்கு,

நல்லம்மா எழுதுவது. உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்தும் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதற்கே நன்றி. உங்கள் அப்பா இருக்கிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இலங்கையிலிருந்து கடிதம் என்றதும் உங்கள் மனம் எங்கெல்லாமோ போயிருக்கும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

உடம்பு சரி, ஞாபகம்தான் சரியில்லை. இரண்டு வருடத்துக்கு முன், வாழ்நாளெல்லாம் படித்த பாசிகளின் பெயர் மறந்தது. வயசு என்று சிரித்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் கோட்டுப் போட்டு, குடையும் சோக்குப் பெட்டியுமாக ஸ்டேஷனுக்குப் போய், கண்டிக்கு டிக்கட் கேட்டிருக்கிறார். காலேஜில் காலையில் முதல் வகுப்பு எடுக்க வேண்டுமாம். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஸ்டேஷன் எதிரே கடை வைத்திருக்கும் அலவிதான் தேத்தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்தார். "இன்னைக்கி காலேஜ் லீவு சேர்னு சொன்னேன். அப்படியான்னு எழும்பி வந்துட்டாரு" என்றார்.

பதுளையில் டொக்டரிடம் காட்டினேன். மூளை தேய்கிறது, இதற்கு மருந்து கிடையாது, பொறுமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் நர்ஸாக இருந்தவள், எனக்கும் அது தெரிந்ததுதான்.

இப்போது எழுத வந்த விஷயம். பின்னேரம் மூடுபனி ஏறத் தொடங்கியதும் "பாக்கியம் எங்க?" என்று கேட்க ஆரம்பிக்கிறார். முதல் தடவை உண்மையைச் சொன்னேன். "எப்ப? எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று கேட்டு, அன்றுதான் உங்கள் அம்மா இறந்த மாதிரி அழுதார். மறுநாளும் கேட்டார், சொன்னேன். மறுபடி அதே அழுகை. மூன்றாம் தடவை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். "பாக்கியம் கடைக்குப் போக மாட்டா. எங்க வீட்டப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அது நியாயம்தானே. கண்டி வீட்டுக்கு நான் நர்ஸாக வந்தது அவங்க படுக்கையில் விழுந்த பிறகு. நல்லா இருந்த பாக்கியலெட்சுமி அம்மாவை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவங்க சாயங்காலத்தில் எங்கே போவாங்க? ஒரு வரி எழுதினால் போதும். அவர் நம்புகிற மாதிரி ஒரு பொய் எனக்கு வேண்டும். வேறொன்றும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
நல்லம்மா

*

உறையூர், திருச்சி
19.2.1979

திருமதி நல்லம்மா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன்.

அம்மா சாயங்காலம் அடுத்த வீட்டு ஜெனீரா மாமியிடம் தையல் பழகப் போவாள். வாசலில் நின்று "இந்தா வந்துர்றேன்" என்பாள். வர இருட்டிவிடும். அப்பா அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஜெனீரா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள், நம்புவார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் பேனாவை எடுத்துவிட்ட பிறகு மூடிவைக்க முடியவில்லை. அம்மா படுத்திருந்தபோது நான் கொழும்பில் விடுதியில் இருந்தேன். லீவுக்கு வந்தபோதெல்லாம் ஒரே காட்சிதான். நீங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். அப்பா கதவருகே நின்றிருப்பார். அவர் யாரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த வருடம் உங்கள் கல்யாணச் செய்தி வந்த பிறகு யோசித்தேன். பதின்மூன்று வருடமாக யோசிக்கிறேன். எப்போது ஆரம்பித்தது என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள், அதை நம்புவதா வேண்டாமா என்று நான் தீர்மானிக்க வேண்டிவரும்.

மனோரஞ்சிதம்

*

அப்புத்தளை
11.3.1979

மதிப்புக்குரிய மனோரஞ்சிதம் அவர்களுக்கு,

நம்பிவிட்டார். "ஜெனீரா வீட்டுக்கா? மிஷின் சத்தம் கேக்கலையே" என்றார். சட்டென்று "நூல் அறுந்திருக்கும்" என்றேன். "அவளுக்கு எப்பவும் நூல் அறும்" என்று சிரித்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். இப்போது எங்கள் சாயங்காலங்கள் அமைதியாகப் போகின்றன. அந்த ஒரு வரிக்கு என்ன கைம்மாறு செய்வது என்று தெரியவில்லை.

காலையில் அவர் நல்ல சந்தோஷத்தில் இருப்பார். வீட்டு வேலியோரம் நின்று பாடம் நடத்துவார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்று கேட்பார்கள். அவர்களில் ரெங்கம்மா என்று ஒருத்தி. "ஐயா, இன்னைக்கி என்ன பாடங்க?" என்று அவள்தான் ஆரம்பித்துவைப்பாள். போன கிழமை தேயிலையைப் பற்றிச் சொன்னார். "இது செடி இல்லம்மா, மரம். விட்டா முப்பது அடி போகும். நாமதான் வெட்டி வெட்டி இடுப்புக்கு மேல வளர விடாம வச்சிருக்கோம்." ரெங்கம்மா, "நம்மளையும் அப்படித்தானேங்க வச்சிருக்காங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரியாச் சொன்னே, எழுதிக்க" என்றார்.

நீங்கள் கேட்கவில்லை என்று எழுதியதற்குப் பதில் சொல்கிறேன். அம்மாவின் காரியம் முடிந்ததும் நான் இங்கே தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலைக்கு வந்துவிட்டேன். அந்த வீட்டில் இருந்தவரை அவர் என்னிடம் பேசியதெல்லாம் காய்ச்சல் எவ்வளவு, மருந்து கொடுத்தாயிற்றா, இவ்வளவுதான். ஆறேழு மாதம் கழித்துப் பாசி தேடிக்கொண்டு இந்த மலைக்கு வந்தார். டிஸ்பென்சரிக்குள் நுழைந்து, அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்று காலைக் காட்டினார். பார்த்தேன். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. அப்போதுதான் ஆரம்பித்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

நல்லம்மா

*

திருச்சி
6.5.1979

நல்லம்மா அவர்களுக்கு,

அட்டைக்கடியைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சலாக வந்தது. பிள்ளைகள் "என்னம்மா?" என்று கேட்டார்கள். "உங்க தாத்தா" என்றேன். அந்த வார்த்தையை அவர்களிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவர் அப்படித்தான். நேரே கேட்கத் தெரியாது. கொஸ்லந்தையில் கங்காணி மகனாகப் பிறந்து, அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதலில் காலேஜுக்குப் போனவர். மதராஸில் படித்தபோது ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டு, அங்கே பாறையில் வளரும் பாசியை ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கிறது என்று லீவு கேட்டாராம். கொடுத்துவிட்டார்கள். சொன்ன பொய்யை மெய்யாக்கப் போய், வாழ்நாள் முழுக்கப் பாசியைப் படித்தார். "ஆறு மாசம் தண்ணி இல்லாம செத்த மாதிரி கெடக்கும் மனோ, ஒரு தூறல் போதும் எழும்பிரும்" என்பார். யாரும் மிதித்துவிட்டுப் போகிற ஒன்றின் மேல் ஒரு பேராசிரியருக்கு இவ்வளவு பாசம் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஆனால் நான் மறக்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அறுபத்தாறில் விடுதிக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அப்புத்தளை நல்லம்மாவை மணந்துகொள்ளலாம் என எண்ணுகிறேன். இது குறித்து உன் கருத்தை எழுதவும்." பரீட்சைக் கேள்வி மாதிரி. அம்மா போய் வருடம்கூட ஆகவில்லை. நான் பதில் எழுதவில்லை. என் மௌனமே போதும், அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவர் சில மாதம் காத்திருந்து, பதிவு செய்துகொண்டார். அடுத்த வருடம் தாய்மாமா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு நான் கப்பல் ஏறிவிட்டேன். வழியனுப்ப அவர் தலைமன்னாருக்கு வந்திருந்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். அம்மாவைத் தேடுகிறாரே, என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா? இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

மனோரஞ்சிதம்

*

அப்புத்தளை
2.7.1979

அன்புள்ள மனோரஞ்சிதத்துக்கு,

பதில் எழுதத் தாமதமானது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது எழுதுவதற்கு ஒன்று நடந்திருக்கிறது.

ஒரு மாதமாக அவர் அம்மாவைக் கேட்பதில்லை. அதற்குப் பதில் காலையில் வாசல் கேட்டில் போய் நிற்கிறார். தபால்காரர் வந்தால் "மனோ கடுதாசி போட்டாளா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிவருகிறார். ஆகவே கேட்கிறாரா என்றால், கேட்கிறார். தினமும் கேட்கிறார். எந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நான் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போதெல்லாம் நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வீட்டோடு இருக்கிற ஒரு பெரியம்மா, அவ்வளவுதான்.

"அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? வெளியில சொல்லாதீங்க."

"கேளுங்க."

"அப்புத்தளையில ஒரு நர்ஸம்மா இருக்காங்க. என் சம்சாரத்த கடைசி வரைக்கும் பாத்தவங்க. அவங்கள கட்டிக்கலாமான்னு நெனைக்கிறேன். இந்த வயசுல இது சரியா?"

என் கையிலிருந்த துணியை நான் திரும்பவும் உதறி மடித்தேன். "உங்களுக்கு அவங்கள புடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்கு. அவங்க இருந்தா வீடு பயமில்லாம இருக்கும். ஆனா மகளுக்கு எழுதியிருக்கேன். பதில் வரல."

"மக வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னா வேணாம்தான். அவ மனசு நொந்து எனக்கொண்ணும் வேணாம்."

மனோரஞ்சிதம், இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றுதான் எனக்குத் தெரிந்தது, நீங்கள் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் இந்த வீட்டில் இருந்திருக்க மாட்டேன். உங்கள் மௌனம்தான் எனக்கு இந்தப் பதின்மூன்று வருடத்தைக் கொடுத்தது. இது தெரிந்த பிறகு இரண்டு நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பிறகு சரியாகிவிட்டது. சமைக்க வேண்டுமே.

அவர் இன்னும் கேட்டில் நிற்கிறார். மழையில் நின்று சளி பிடித்திருக்கிறது. அவருக்கு ஒரு பதில் எழுதுவீர்களா? எந்தப் பதிலாக இருந்தாலும் சரி. வேண்டாம் என்று எழுதினாலும் ஓர் எழுத்து மாற்றாமல் நானே வாசித்துக் காட்டுவேன். காத்திருக்கிறதுதான் அவருக்குக் கஷ்டம்.

நல்லம்மா

*

திருச்சி
25.7.1979

நல்லம்மா அவர்களுக்கு,

இத்துடன் தனித்தாளில் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். முதலில் எழுதியதில் எல்லாம் நன்றாக இருந்தது, ஆனால் நிஜம் இல்லை. கிழித்துவிட்டேன். இதில் இருப்பதுதான் என்னால் முடிந்தது. உங்களை வாசிக்கவைப்பது கொஞ்சம் கொடுமை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் நீங்கள்தான் ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

மனோரஞ்சிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நீங்கள் என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள்.

எனக்கு விருப்பம் இல்லை. அம்மாவின் இடத்தில் இன்னொருவரை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் நீங்கள் தனியாக இருந்து அடுப்பில் தண்ணீர் வைத்துக் காத்திருப்பதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த நர்ஸம்மா அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்குத் தலை சீவிவிடும்போது வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டுச் சீவியதை நான் பார்த்திருக்கிறேன். உங்களையும் அப்படிப் பார்த்துக்கொள்வார்கள்.

கட்டிக்கொள்ளுங்கள் அப்பா. கேட்டில் நிற்க வேண்டாம். கல்யாணத்துக்கு நான் வருகிறேன்.

உங்கள் மகள்,
மனோ

*

அப்புத்தளை
20.8.1979

அன்புள்ள மனோரஞ்சிதத்துக்கு,

வாசித்துக் காட்டினேன். "எனக்கு விருப்பம் இல்லை" என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் இறங்கியது. மற்றபடி மாற்றவில்லை. மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்தார். எங்கே என்று நான் ஓடினேன். அலவி கடைக்கு. "மக சம்மதிச்சிட்டா" என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அலவி ஒன்றும் கேட்காமல் எல்லாருக்கும் ஒரு மஸ்கட் துண்டு கொடுத்தார். நான் வெளியே படியில் நின்றேன். என் கல்யாணத்துக்கு யாரும் அப்படி இனிப்புக் கொடுக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

தலை சீவியது எனக்கே ஞாபகம் இல்லை. அது உங்களுக்கு நினைவிருப்பது...

அதை விடுங்கள். இப்போது கேட்டில் நிற்பது நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் கடிதம் புதிதாக வந்த மாதிரி வாசிக்கச் சொல்கிறார், வாசிக்கிறேன். ஆனால் வேறொன்று ஆரம்பித்திருக்கிறது. "மனோ வரட்டும். மனோ வந்தாத்தான் கல்யாணம்" என்று கோட்டை எடுத்து வெயிலில் போடச் சொல்கிறார்.

வருகிறேன் என்று நீங்கள் எழுதியது அவருக்காகவா, நிஜமாகவா? கட்டாயப்படுத்தக் கேட்கவில்லை. பின்பக்க அறை கூரை ஒழுகுகிறது. வருகிறீர்கள் என்றால் தகரம் மாற்ற ஆள் கூப்பிட வேண்டும்.

நல்லம்மா

*

திருச்சி
12.1.1980

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கப்பலில் பிள்ளைகள் இரண்டும் வாந்தி எடுத்தார்கள். நீங்கள் கட்டித் தந்த ஊறுகாய்தான் காப்பாற்றியது.

இப்படிக் கூப்பிடலாமா என்று ரயில் நாவலப்பிட்டி வரும்வரை யோசித்தேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்.

முதல் நாள் நீங்கள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் குசினிக்குப் போய்விட்டீர்கள். வேண்டுமென்றேதான் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது நடந்ததை அங்கே உங்களிடம் சொல்ல முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

"அப்பா, நான்தான் மனோ" என்றேன். மரியாதையாக என்னைப் பார்த்தார். "மனோவுக்கு இருபது வயசுதாம்மா" என்றார். அவர் சொன்னது ஒரு வகையில் சரி. அவர் காத்திருக்கும் பெண் நான் இல்லை. அவள் வராமலே போய்விட்டாள்.

"கல்யாணத்துக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"பொண்ணப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி?"

குசினியில் நீங்கள் விறகை ஊதுகிற சத்தம் கேட்டது. "நல்லவங்க" என்றேன்.

"மகளும் அப்படித்தான் எழுதியிருக்கா" என்று சட்டைப் பையைத் தட்டிக்காட்டினார். அப்படி நான் எங்கே எழுதினேன்? ஆனால் அந்தத் தாளில் அவருக்கு அது இருந்திருக்கிறது.

அப்போதுதான் நீங்கள் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தீர்கள். "இவங்கதான் பொண்ணு" என்று நான் சொன்னதும் உங்களை மேலும் கீழும் பார்த்து, என் காதோரம் குனிந்து, "கொஞ்சம் வயசாத் தெரியறாங்களே" என்றாரே, அது உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். தட்டை வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் எல்லாம் கேட்டிருந்தது என்று தெரிந்தது. நானும் சிரித்தேன். அவர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியை உங்களுக்குப் போட்டு, நீங்கள் உட்காரும்வரை நின்றார். அம்மாவின் கதவருகே நின்ற அதே மாதிரி. அவர் அப்படித்தான் நிற்பார் போலிருக்கிறது, எங்கேயும், யாருக்கும். நான்தான் அதில் என்னென்னவோ படித்துவைத்திருந்தேன்.

என் கோபம் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்காக யாராவது கோபப்பட வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் செய்தேன். அது முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

மனோ

*

அப்புத்தளை
16.11.1980

அன்புள்ள மனோவுக்கு,

உன் கடிதங்களும் பிள்ளைகளின் படமும் வந்தன. சின்னவன் உங்கள் அப்பாவின் நெற்றியோடு பிறந்திருக்கிறான்.

அவர் இப்போது அதிகம் பேசுவதில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வேலியோரம் பாடம் இல்லை. ரெங்கம்மா மட்டும் போகிறபோது "ஐயா, வாரேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். கையை உயர்த்துவார். கல்யாணம், கடிதம் எதுவும் ஞாபகம் இல்லை. நானும் நினைவுபடுத்துவதில்லை. மழை விட்டால் பின்பக்கத்துக் கல்சுவரிடம் கூட்டிப்போவேன். அதில் பாசி பிடித்திருக்கிறது. விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நிற்பார். முகம் தெளிந்துவிடும். பெயர் தெரியாமலும் ஒன்றைப் பிடித்திருக்கலாம் போலிருக்கிறது.

நீ கேட்டிருந்தாய், என்னை ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா என்று. இல்லை. அதற்காகக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இப்போது நான் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் கையை நீட்டுகிறார். அது யாருக்கு நீட்டுகிற கை என்று நான் ஆராய்ச்சி செய்வதில்லை. பிடித்துக்கொள்கிறேன்.

குளிர் அதிகம். நெஞ்சில் சளி கட்டுகிறது. அதுதான் பயம்.

சின்னம்மா

*

திருச்சி
29.3.1981

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

தந்தி அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ரேடியோவில் இலங்கை மரண அறிவித்தல் வாசிக்கிற நேரம், நான் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "கொஸ்லந்தையைப் பிறப்பிடமாகக் கொண்ட" என்றதுமே கை நின்றுவிட்டது. இங்கே எல்லா வீட்டிலும் அந்த ஸ்டேஷன்தான் வைப்பார்கள். பக்கத்து வீட்டிலும் அதே குரல் கேட்டது. அப்பாவின் பெயரை ஒரே சமயத்தில் தெரு முழுக்கச் சொன்ன மாதிரி இருந்தது. விசாவுக்கு ஓடியும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. காரியத்துக்கு என் வீட்டுக்காரர்தான் இங்கே காவிரிக்குப் போய்த் தண்ணீர் விட்டார்.

அழுது முடித்த பிறகு எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. "காலஞ்சென்ற பாக்கியலெட்சுமியின் அன்புக் கணவரும், மனோரஞ்சிதத்தின் பாசமிகு தந்தையுமான பேராசிரியர் வீரசிங்கம்" என்று வாசித்தார்கள். அவ்வளவுதான். நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்? உங்கள் பெயர் எங்கே? எனக்காக விட்டீர்களா? நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தெரிந்துதானே விட்டீர்கள்?

அவரிடம் படித்தவர்கள் கண்டியில் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பிறந்த ஊர், படிப்பு, பாசி எல்லாம் எழுதினேன். கடைசியில் இப்படி முடித்திருக்கிறேன்: "இறுதிக் காலத்தில் அவர் பலவற்றை மறந்தார். தன் மனைவியையும் மகளையும்கூட மறந்தார். ஆனால் எதிரில் இருப்பவர் உட்காரும்வரை தான் உட்காரக்கூடாது என்பதை அவர் மறக்கவில்லை. நல்லம்மா அவர்கள் அவரைக் கடைசி நாள் வரை கைப்பிடித்து வைத்திருந்தார்கள்." தப்பு இருந்தால் திருத்துங்கள். கடைசி வரியை மட்டும் தொடக்கூடாது.

வருடம் திரும்பும்போது நினைவு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதை நான் எழுதி அனுப்புகிறேன். நீங்கள் எழுத வேண்டாம்.

மனோ

*

அப்புத்தளை
7.3.1982

அன்புள்ள மனோவுக்கு,

நேற்று அறிவித்தல் வாசித்தார்கள். வீட்டு ரேடியோவில் கரகரவென்று சத்தம் வருவதால் அலவி கடைக்குப் போய்விட்டேன். அவர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, சத்தத்தைக் கூட்டினார். சம்பள நாள் என்பதால் கடையில் நல்ல கூட்டம். ரெங்கம்மாவும் இருந்தாள்.

"காலஞ்சென்ற பாக்கியலெட்சுமியினதும், அப்புத்தளை நல்லம்மாவினதும் அன்புக் கணவர்" என்றதும் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பருப்பு மூட்டையைப் பார்த்தேன். இத்தனை வருடம் இங்கே என்னை நர்ஸம்மா என்பார்கள், ஐயா வீட்டம்மா என்பார்கள். நானாக யாரிடமும் வாய் திறந்து அவர் சம்சாரம் என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லை எடுக்கும்போதெல்லாம் உன் முகம் முன்னால் வந்து நிற்கும். இப்போது நீயே எழுதி, ரேடியோவில் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாய்.

வெளியே வந்து நடக்கும்போது ரெங்கம்மா பக்கத்தில் வந்தாள். "ஏங்கம்மா, ஐயாவுக்கு ரெண்டு சம்சாரமா? எங்களுக்குத் தெரியாதே" என்றாள்.

"ஆமா. ரெண்டு" என்றேன்.

"நீங்க மூத்தவங்களா, எளையவங்களா?"

"எளையவ."

"மூத்தவங்களோட புள்ள ஒங்கள சேத்துக்கிட்டாங்களா?"

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னேன், "அவதான் எங்களுக்குக் கல்யாணம் பண்ணிவச்சா."

சின்னம்மா